சனி மூலையில் 84 குவளைத் தண்ணீர்

முதல் நாள் – 2019 ஜனவரி 16, புதன்

மாட்டுப் பொங்கலும் அதுவுமாக வீட்டை விட்டுக் கிளம்புகிறானே என்று அம்மாவுக்கு வருத்தம். அப்பத்தாதான் சமாதானம் சொன்னாள். "சனிக்கிழமை அங்க நிக்கணும்னா இன்னிக்குப் போனாத்தான் சரியா வரும். பயாவுக்குப் போற பிள்ளையைத் தடுக்காத."

பயா என்றால் பர்மிய மொழியில் புத்தர். அவருக்கு எழுப்பிய சைத்தியத்துக்கும் அதே பெயர்தான். நாம் பகோடா என்கிறோம். அப்பத்தா ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவள் 1935-ல் ரங்கூன் (இன்றைய யாங்கூன்) மொகல் தெருவில் பிறந்தவள். அவளுடைய அய்யா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போய், ஒரு செட்டியாரின் வட்டித்தொழில் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, கணக்கு எழுதும் வரைக்கும் உயர்ந்தவர். யுத்தத்தோடு கிட்டங்கி போனது. அப்புறம் ஒரு சின்ன அரிசிக் கடை. 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகள் ஒவ்வொன்றாக அரசின் கைக்குப் போயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த வருடமே அப்பத்தா மூன்று பிள்ளைகளோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினாள். வியாசர்பாடியில் குடியேறிய பர்மாக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

அதற்கப்புறம் அவள் அங்கே போகவே இல்லை. இப்போது 83 வயது, முழங்கால் ஒத்துழைக்காது. அதனால் என்னை அனுப்புகிறாள். வேலை ஒன்றே ஒன்று. யாங்கூனின் பெரிய பகோடாவான ஷ்வேதகோனில், சனிக்கிழமை பிறந்தவர்களுக்கு உரிய சனி மூலைக்குப் போய் அவள் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்ற வேண்டும். வயதுக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று. ஆக 84 குவளை.

பாங்காக் வழியாக விமானம். யாங்கூனில் இறங்கும்போது மாலை. டாக்சி நகரத்துக்குள் வரும்போதே மரங்களுக்கு மேலே அது தெரிந்தது. ஓட்டுநர் ஒரு கையைச் சக்கரத்திலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துத் தலையைத் தாழ்த்தினார். நம் ஊரில் பேருந்து கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதே அவசரம், அதே பணிவு. நானும் கும்பிட்டேன்.

தங்கியிருப்பது நகரத்தின் நடுவில், சூலே பகோடாவுக்குப் பக்கம். 44 மீட்டர் உயரம், எட்டுப்பட்டை வடிவம். நாற்சந்தி நடுவில் நிற்கிறது, அதைச் சுற்றித்தான் வண்டிகள் போகின்றன. அப்பத்தா சொன்ன தெருப்பெயர்கள் எதுவும் இப்போது பலகையில் இல்லை. பிரேசர் தெரு அனவ்ரதா சாலையாகிவிட்டது, டல்ஹௌசி தெரு மகா பந்துலா சாலை, அவள் பிறந்த மொகல் தெரு ஷ்வே பொந்தா தெரு. தெருவின் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தேன். நகைக்கடைகள், மூக்குக் கண்ணாடிக் கடைகள். எந்த வீடு என்று கண்டுபிடிக்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஆனால் காளியம்மன் கோயில் இருக்கிறது. 1871-ல் தமிழர்கள் கட்டியது. வண்ணக் கோபுரம், உச்சியில் புறா, வாசலில் நேற்றைய பொங்கலுக்குக் கட்டிய கரும்பு. 1931 கணக்கெடுப்பில் இந்த நகரத்து மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்பதை நம்ப வேண்டுமென்றால் இந்தத் தெருவில் ஒரு மாலைப்பொழுது நின்றால் போதும். பக்கத்துத் தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவர் என் பேச்சைக் கேட்டுத் திரும்பினார்.

"எந்த ஊரு தம்பி?"

"சென்னைங்கய்யா. பூர்வீகம் சிவகங்கைப் பக்கம்."

"நமக்கு ராமநாதபுரம். எங்க தாத்தா வந்தது. நான் இன்னும் பாத்ததில்ல."

அவர் தமிழில் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுகூடக் கலக்கவில்லை. இடையிடையே பர்மியச் சொற்கள்தான். அப்பத்தா பேசுவதைப் போலவே இருந்தது. நாளைக்கு எந்த வழியாக ஏறுவது என்று கேட்டேன். "கிழக்கால ஏறுங்க. அங்கதான் ஜனம் இருக்கும். விடியுறதுக்கு முன்னாடி போயிருங்க, அப்பதான் பயா உங்களைப் பாக்கும்" என்றார். நாம் பயாவைப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் – ஜனவரி 17, வியாழன்

அதிகாலை நாலு மணிக்கே கதவு திறந்துவிடுகிறார்கள். நான் பஹான் பக்கம் கிழக்குப் படிக்கட்டின் அடியில் போய் நிற்கும்போது ஐந்து. செருப்பு மட்டுமல்ல, காலுறையும் கூடாது. பைக்குள் போட்டுக்கொண்டேன். வெளிநாட்டவருக்கு 10,000 கியாட் கட்டணம். சட்டையில் ஒரு வில்லை ஒட்டி அனுப்புகிறார்கள்.

படிக்கட்டு முழுக்கக் கூரை. இரண்டு பக்கமும் கடைகள்: துவராடை, பிக்குகளின் பிச்சைப் பாத்திரம், சந்தனம், காகிதக் குடை, தங்க ரேக்குப் பொட்டலம், பூ. பூக்கட்டில் நாவல் இனத்துத் தளிர் ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வெற்றிக்கு உரிய இலையாம், தபியே என்கிறார்கள். பூக்காரம்மா கன்னத்தில் தனக்கா. சந்தனம் அரைப்பதுபோல ஒரு மரப்பட்டையைக் கல்லில் அரைத்துப் பூசிக்கொள்வது. "மிங்கலாபா" என்றார். மங்கலம்தான், பாலி மொழி வழியாக இங்கே வந்து அப்படி ஆகியிருக்கிறது.

கடைசிப் படி தாண்டியதும் தலைக்கு மேல் கூரை முடிந்தது. சலவைக்கல் தரை சில்லென்று பாதத்தில் ஏறியது. நிமிர்ந்து பார்த்தேன்.

அப்பத்தா பலமுறை வர்ணித்திருக்கிறாள். படங்களில் நூறு முறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் அத்தனை பெரிய தங்கம் ஒன்று இருட்டில் தானாக நிற்பதை எதிர்பார்க்கவில்லை. 99 மீட்டர். கீழே விளக்குகள், மேலே போகப்போகத் தங்கம் மங்கி, உச்சி இருட்டுக்குள் போய்விட்டது. நான் கும்பிட மறந்து நின்றேன். பின்னால் வந்த ஒரு பாட்டி என் முழங்கையைத் தொட்டு, உட்காரும்படி கை காட்டினார். இங்கே நின்று கும்பிடுவதில்லை. முழங்கால் மடித்து உட்கார்ந்து, மூன்று முறை நெற்றி தரையில் பட வணங்குகிறார்கள். அவரைப் பார்த்து அப்படியே செய்தேன்.

விடியும்போது அடியிலிருந்து உச்சிவரை நிதானமாகப் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் உண்டு. மணியைக் கவிழ்த்ததுபோல் உடல். அதன்மேல் கவிழ்த்து வைத்த பிச்சைப் பாத்திரம். அதற்குமேல் முறுக்கிய தலைப்பாகை, தாமரை இதழ், அப்புறம் வாழைப்பூ. வாழைப்பூவேதான், மடல் விரியாத பூவை நிமிர்த்தி வைத்த வடிவம். அதற்குமேல் குடை, ஹ்தீ என்கிறார்கள். கடைசியில் காற்றுக்காட்டி, வைர மொட்டு. உள்ளே செங்கல், வெளியே பொற்தகடுகள், ஆணி வைத்து இறுக்கியவை. இப்போதுள்ள உயரம் 18-ம் நூற்றாண்டில் ஹ்சின்பியூஷின் அரசர் காலத்தது, ஒரு நிலநடுக்கத்தில் மேல்பாகம் சரிந்த பிறகு எடுத்துக் கட்டியது. இப்போதிருக்கும் குடை 1999-ல் ஏற்றியது.

பிக்குகள் ஓத ஆரம்பித்தார்கள். "தரணம் கிஸ்ஸாமி" என்று காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது "சரணம் கச்சாமி" என்று புரிந்தது. பர்மியர் நாவில் பாலியின் "ஸ" ஒலி "த" ஆகிவிடுகிறது. சாது என்பது தாது. அப்பத்தா நல்ல சேதி எதைக் கேட்டாலும் "தாது, தாது, தாது" என்று மூன்று முறை சொல்வாள். அது என்ன தாது என்று நான் இத்தனை வருடமாக யோசித்ததே இல்லை.

வலம் வந்தேன். நம்மைப் போலவே இங்கும் வலக்கைப் பக்கம் தெய்வம். நான்கு திசைக்கு நான்கு மண்டபம், நான்கு புத்தர்கள். கிழக்கே ககுசந்தர், தெற்கே கோணாகமனர், மேற்கே காசியபர், வடக்கே கௌதமர். முன்பு வந்த மூவரின் நினைவுப் பொருளும் இந்தக் குன்றுக்கு அடியில் இருப்பதாக நம்பிக்கை: ஒருவர் ஊன்றிய கோல், ஒருவர் தண்ணீர் வடிகட்டிய துணி, ஒருவர் உடுத்திய ஆடையின் துண்டு. கௌதமருடையது எட்டு முடி.

அந்த முடியின் கதையைத் தேநீர்க்கடைப் பெரியவர் நேற்றே ஆரம்பித்திருந்தார். தபுஸ்ஸ, பல்லிக என்று அண்ணன் தம்பி இரண்டு வணிகர்கள். போதி மரத்தடியில் ஞானம் பெற்று ஏழு வாரம் பட்டினியாக இருந்த புத்தருக்கு முதல் உணவாகத் தேன் கலந்த பண்டத்தைக் கொடுத்தவர்கள். அவர் தலையைத் தடவி எட்டு முடியைக் கொடுத்தார். அதை இங்கே கொண்டுவந்து ஒக்கலாபா அரசரிடம் சேர்த்தார்கள். பேழையைத் திறந்தபோது ஒளி கிளம்பியது, பார்வையற்றவர் பார்த்தார், காது கேளாதவர் கேட்டார், இமயத்து மரமெல்லாம் பருவம் தப்பிப் பூத்தது, முழங்கால் ஆழத்துக்கு ரத்தின மழை பெய்தது. அந்த வணிகர்கள் ஒரிசாக்காரர்கள் என்று சொல்பவர்கள் உண்டு. திருகோணமலைப் பக்கம் திரியாயில் இருக்கும் பழைய கல்வெட்டும் அவர்கள் பெயரைச் சொல்கிறது. இந்தச் சைத்தியத்தின் தொடக்கத்தை ஆய்வாளர்கள் 6 முதல் 10-ம் நூற்றாண்டுக்குள் மோன் மக்கள் காலத்தில் வைக்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். கல்லின் வயதும் வேண்டும், ரத்தின மழையும் வேண்டும்.

இனி நான் தேடி வந்தது. சைத்தியத்தின் அடியைச் சுற்றி எட்டுத் திசையிலும் எட்டுக் கிரகத் தூண். ஒவ்வொன்றிலும் ஒரு புத்தர், கீழே ஒரு விலங்கு, முன்னால் தண்ணீர்த் தொட்டி, குவளைகள். கிழக்கில் திங்கள், புலி. தென்கிழக்கில் செவ்வாய், சிங்கம். தெற்கில் புதன், தந்தமுள்ள யானை. தென்மேற்கில் சனி, நாகம். மேற்கில் வியாழன், எலி. வடமேற்கில் ராகு. வடக்கில் வெள்ளி, கினிப்பன்றி. வடகிழக்கில் ஞாயிறு, கருடன். வாரத்துக்கு ஏழு நாள்தானே, எட்டாவது எப்படி என்றால், புதன்கிழமையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நண்பகலுக்குப் பின் பிறந்தவருக்கு ராகு, தந்தமில்லாத யானை. நாம் ஒவ்வொரு நாளிலும் ஒன்றரை மணி நேரம் ராகுவுக்குக் கொடுக்கிறோம். இவர்கள் ஒரேயடியாக அரைநாளைக் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு நவக்கிரக மேடையில் நடுவில் சூரியன். இங்கே நடுவில் தங்கம், சூரியன் ஈசானி மூலைக்கு ஒதுங்கியிருக்கிறார்.

பிறந்த கிழமை தெரியாத பர்மியர் இருக்க மாட்டார். பெயரின் முதல் எழுத்தே கிழமையைச் சொல்லிவிடும். த, ந வரிசையில் தொடங்கினால் சனி. பிரதமராக இருந்த ஊ நூ அப்படிச் சனிக்கிழமைக்காரர். அப்பத்தாவுக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயர் வைத்தார்கள். மா நூ. இளசு, மென்மை என்று பொருளாம். நான் சின்னப் பையனாக இருந்தபோது அவளைத் தேடி வந்த ஒரு கிழவி வாசலில் நின்று "மா நூ" என்று கூப்பிட்டதும், அப்பத்தா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடியதும் ஞாபகம் இருக்கிறது.

சனி மூலையை இன்று பார்த்து மட்டும் வைத்தேன். நமக்குக் கன்னி மூலை. பச்சை நாகம் சுருண்டு கிடக்கிறது, தலையில் ஈரம். தண்ணீர் நாளை மறுநாள்.

ஒன்பது மணி வாக்கில் ஒரு கூட்டம் துடைப்பத்தோடு வந்தது. ஆணும் பெண்ணுமாக இருபது முப்பது பேர் தோளோடு தோள் வரிசையாக நின்று, ஒரே சீராகத் தரையைப் பெருக்கிக்கொண்டு போனார்கள். சம்பளத்துக்கு அல்ல, புண்ணியத்துக்கு. வரிசை கடக்கும்போது ஒருவர் விலகிக்கொள்ள, அந்த இடத்தில் என்னை நிற்க வைத்துத் துடைப்பத்தைக் கையில் கொடுத்தார்கள். கால் சுற்று பெருக்கியிருப்பேன்.

வடகிழக்குப் பக்கத்தில், அந்த முடிகளை முதலில் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் அண்ணன் பகோடாவுக்கு அருகில், கூரையின் கீழ் ஒரு கல்வெட்டு. 1485-ல் தம்மசேதி அரசர் பாலி, மோன், பர்மிய மொழிகளில் பொறித்தது. இந்தத் தலத்தின் கதையும் யார் யார் என்ன கொடுத்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது. அவருக்கு முன் ஆண்ட அரசி ஷின் சோபு தன் எடைக்கு எடை தங்கம் கொடுத்தார். தம்மசேதி தன் எடையும் ராணியின் எடையும் சேர்த்து அதன் நான்கு மடங்கு. அந்த அரசி கடைசிக் காலத்தில் இந்தக் குன்றுக்கு அருகிலேயே வந்து தங்கி, படுக்கையைச் சைத்தியம் தெரியும்படி போடச் சொல்லி, அதைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினார் என்று சொல்கிறார்கள்.

தம்மசேதிக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிக்குவாக இருந்து அரசரானவர் அவர். இலங்கையின் கல்யாணி ஆற்றில் முறைப்படி துறவேற்று வர 1476-ல் 22 தேரர்களை, அதாவது மூத்த பிக்குகளை அனுப்பினார். திரும்பும் வழியில் ஒரு கப்பல் உடைந்து, அதில் வந்தவர்கள் தமிழகக் கரையில் ஒதுங்கி, நடந்தே நாகப்பட்டினம் வந்தார்கள். அங்கே பதரிகாராமம் என்ற விகாரை இருந்த இடத்தைப் பார்த்து, சீன அரசர் அமைத்த குகையில் புத்தரை வணங்கினார்கள் என்று பெகுவில் உள்ள கல்யாணிக் கல்வெட்டு சொல்கிறது. நாகப்பட்டினத்தில் கடைசியாக நின்றிருந்த பௌத்தக் கோபுரத்தை 1867-ல் இடித்துவிட்டார்கள். கரை ஒதுங்கிய பிக்குகள் கும்பிட அன்றைக்கு நம் ஊரில் ஓர் இடம் இருந்தது. அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது அதை நினைத்து மனம் கனத்தது.

மதியம் தரை சுட்டது. விரித்திருந்த பாயின் மேலேயே நடந்து இறங்கினேன். கீழே மொஹிங்கா. கெளுத்தி மீன் குழம்பில் வாழைத்தண்டு போட்டு அரிசிச் சேவையின் மேல் ஊற்றித் தருகிறார்கள். சென்னை பர்மா பஜாரில் அத்தோவோடு வரும் வாழைத்தண்டு சூப்பின் தாய்வீடு இதுதான்.

மூன்றாம் நாள் – ஜனவரி 18, வெள்ளி

இன்று மணிகளின் நாள்.

வடமேற்கு மண்டபத்தில் மகாகந்தா என்ற மணி. சிங்கு அரசர் 1779-ல் வார்த்தது, 23 டன். முதல் ஆங்கில-பர்மியப் போரில் 1824-ல் ஆங்கிலேயர் இந்தக் குன்றைப் பிடித்துக் கோட்டையாக்கினார்கள். மறு வருடம் இந்த மணியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகப் படகில் ஏற்றினார்கள். படகு கவிழ்ந்து மணி ஆற்றடியில் கிடந்தது. அவர்களால் தூக்க முடியவில்லை. நாங்கள் எடுத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவீர்களா என்று பர்மிய மக்கள் கேட்டார்கள். சரி என்றதும், மூழ்கி மூழ்கி மணிக்கு அடியில் மூங்கிலைக் கட்டினார்கள். ஓதம் ஏற ஏற மூங்கில் மிதந்தது, மணியும் கூடவே மேலே வந்தது. யானை வேண்டாம், எந்திரம் வேண்டாம். ஆற்றின் போக்கைத் தெரிந்துவைத்திருந்தது போதும். அப்பத்தா எங்களுக்குத் தூங்கப் போகும்போது சொன்ன கதைகளில் இது முதல் கதை. அவள் சொல்லும்போது மணி மேலே வருகிற இடத்தில் கையிரண்டையும் விரித்துத் தூக்குவாள்.

வராத மணி ஒன்றும் உண்டு. தம்மசேதி வார்த்தது, சுமார் 300 டன் என்பார்கள். 1608-ல் பிலிப் டி பிரிட்டோ என்ற போர்ச்சுகீசியன் பீரங்கி செய்யலாம் என்று அதைப் பெயர்த்து எடுத்துப் போனான். பெகு ஆறு சேரும் இடத்தில் தெப்பத்தோடு மூழ்கியது. இன்றுவரை தேடுகிறார்கள்.

மகாகந்தாவின் பக்கத்தில் மரக்கட்டை வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம் செய்து முடித்தவர்கள் வந்து மூன்று முறை தட்டுகிறார்கள். நான் செய்தேன், அதன் பலன் கேட்பவர் எல்லோருக்கும் என்று அதற்குப் பொருள். கேட்டவர்கள் "தாது" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் இன்று தட்டவில்லை. என் காரியம் இன்னும் முடியவில்லை.

இந்த இடம் கும்பிட மட்டும் இருந்ததில்லை. 1852-ல் இரண்டாம் முறை பிடித்த ஆங்கிலேயர் 1929 வரை இங்கே ராணுவத்தை வைத்திருந்தார்கள். கோயிலுக்குள் பூட்ஸ் காலோடு அவர்கள் நடந்ததுதான் பர்மியர் முதலில் ஒன்றுசேர்ந்து எதிர்த்த விஷயங்களில் ஒன்று. 1920-ல் பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தத்தைத் திட்டமிட்ட மாணவர்கள் கூடியது இங்கேதான். தென்மேற்குப் பக்கம் அவர்களுக்கு ஒரு தூண் இருக்கிறது. 1946-ல் விடுதலைப் போராட்டத் தலைவர் ஆங் சான் மக்களைக் கூட்டிப் பேசியது இந்த நிழலில். 1988 ஆகஸ்ட் 26 அன்று மேற்கு வாசலில் அவர் மகள் ஆங் சான் சூ கீ பேசினார்.

மதிய வெயிலில் இறங்கி, தெற்கே சற்றுத் தூரத்தில் பகதூர் ஷா ஜாபரின் சமாதிக்குப் போனேன். டில்லியின் கடைசிப் பாதுஷா 1862-ல் இங்கே கைதியாக இறந்தார். எங்கே புதைத்தார்கள் என்பதே மறந்துபோய், 1991-ல் தோண்டும்போதுதான் உண்மையான கல்லறை கிடைத்தது. தெற்கு வாசல் பக்கமே பர்மாவின் கடைசி அரசி சுபயாலத்தின் கல்லறையும் இருக்கிறது. அவரையும் அரசர் தீபாவையும் ஆங்கிலேயர் நம் ரத்தினகிரிக்கு நாடுகடத்தினார்கள். அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று மாற்றிவைத்திருக்கிறார்கள்.

இரவு மறுபடி மேலே ஏறினேன். காவலர் ஒருவர் தரையில் ஒரு குறியைக் காட்டி, அங்கே நின்று உச்சியைப் பார்க்கச் சொன்னார். 76 காரட் வைரம் ஒன்று மொட்டின் நுனியில் இருக்கிறது. சிவப்பாகத் தெரிந்தது. இரண்டடி தள்ளி நின்றேன், பச்சை. இன்னும் இரண்டடியில் ஆரஞ்சு. ஒரு சிறுவன் என் பின்னாலேயே குறி குறியாகத் தாவி வந்தான்.

நான்காம் நாள் – ஜனவரி 19, சனி

காலையில் ஆற்றங்கரை போதாதௌங் பகோடா. 1943 நவம்பரில் குண்டு விழுந்து சிதறியது. திரும்பக் கட்டும்போது நடுவில் கூடு விட்டுக் கட்டியதால் உள்ளேயே நடக்கலாம். சுவரெல்லாம் தங்கம், நடுவில் ஒரு முடி. நன்றாகத்தான் இருந்தது. என் கவனம் அங்கே இல்லை.

மாலை நாலரைக்கு ஷ்வேதகோன். சனிக்கிழமை, அதனால் நாகத்தின் முன்னால் வரிசை. ஒவ்வொருவரும் பூவை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, புத்தரின் தலையிலும் நாகத்தின் தலையிலும் நிதானமாக ஊற்றினார்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. என் முறை வந்ததும் வீட்டுக்குப் போனில் கூப்பிட்டேன். படம் வரும் என்று சொன்னால் அப்பத்தா முதலில் தலைமுடியைக் கட்டிக்கொள்வாள் என்று தெரியும். அம்மா ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தாள்.

போனைத் திருப்பிப் பிடித்தேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அப்பத்தா, தெரியுதா?"

"தெரியுதுய்யா. நாகத்துக்குப் பச்சை அடிச்சிருக்காக. ஊத்து."

போனைத் தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மா நூ என்று சொல்லி முதல் குவளையை ஊற்றினேன். போனிலிருந்து அப்பத்தாவின் குரல் எண்ணியது. "தித்." இரண்டாவது. "ஹ்நித்." வீட்டில் படியில் அரிசி அளக்கும்போது அவள் இப்படித்தான் முணுமுணுப்பாள். இங்கே அதைச் சத்தமாகச் சொன்னாள். தோன், லே, ங்ஙா. எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி குனிந்து போனைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவரும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார். அப்பத்தா ஒரு கணம் நிறுத்தி அவரிடம் பர்மிய மொழியில் ஏதோ கேட்டாள், அவர் பதில் சொன்னார், இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அவருடைய மகள் தனக்கா பூசிய முகத்தோடு எனக்குக் குவளையை நிரப்பி நிரப்பிக் கொடுத்தாள். முப்பதில் தோள் வலித்தது. அறுபதில் வலி தெரியவில்லை. வரிசையில் இருந்தவர்களும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

84 முடிந்ததும் அப்பத்தா மணி எங்கே என்றாள். போனை எடுத்துக்கொண்டு மேற்கைத் தாண்டி வடமேற்கு மண்டபத்துக்குப் போனேன். கட்டையை எடுத்து மூன்று முறை தட்டினேன். கூடம் முழுக்க அந்த நாதம் நின்றது. "தாது" என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். போனுக்குள்ளிருந்தும் மூன்று முறை வந்தது.

பொழுது சாய்ந்து விளக்குகள் ஏறின. பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு நாள். கிழக்கே நிலா ஏறியிருந்தது. வைக்கட்டுமா அப்பத்தா என்றேன்.

"அய்யா, ஒரு காரியம். எங்க ஆத்தாவை அந்த மண்ணுலதான் விட்டுட்டு வந்தேன். அது என்ன கிழமை பொறந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. நம்மூர்ல அப்ப யாரு குறிச்சு வச்சா. எட்டு மூலையிலயும் ஒண்ணொண்ணு ஊத்திட்டு வர்றியா?"

"என்ன பேரு சொல்லி ஊத்துறது?"

"ஆத்தான்னே சொல்லு."

நின்ற இடம் வடமேற்கு, ராகு மூலை. யானைக்கு ஒரு குவளை ஊற்றிவிட்டு, போனைச் சட்டைப் பையில் முகம் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, வலக்கைப் பக்கம் தங்கம் இருக்க, வடக்கே வெள்ளியைப் பார்த்து நடந்தேன்.